ஜோயே காட்டில் ஒரு பணித்தளம்: தொடர்பு, நோய், வெளியேற்றம் – ஒரு நிகழ்வு ஆய்வு

பிரேசிலின் வட பகுதியில் ஒரு சிறிய பழங்குடி மக்களிடம் நற்செய்தி கொண்டுபோன முயற்சி ஒன்றைப் பற்றியது இந்தப் பதிவு. ஊழியத்தில் இருப்பவர்கள், பழங்குடிப் பகுதிகளில் மருத்துவ வேலை பார்ப்பவர்கள் இருவருக்கும் உதவும் என்று எழுதுகிறேன். அமைப்புகளின் பெயர்கள் வரலாற்றில் பதிவானவை என்பதால் அப்படியே வருகின்றன. தனி மனிதர்கள் யாருடைய பெயரும் இல்லை.

பின்னணி

ஜோயே மக்கள் பாரா மாநிலத்தில், அமேசான் ஆற்றுக்கு வடக்கே, குமினாபனேமா, எரேபெகுரு ஆகிய ஆறுகளுக்கு நடுவிலுள்ள காட்டில் வாழ்கிறார்கள். துப்பி-குவரானி குடும்பத்தைச் சேர்ந்த மொழி பேசுகிறார்கள். சிறு வயதிலேயே கீழுதட்டைக் குத்தி 'பொத்துரு' என்ற மரத்தில் செதுக்கிய கட்டையைச் செருகிக்கொள்வது ஆண், பெண் எல்லாருக்கும் வழக்கம். ஆள் வளர வளர கட்டையும் பெரிதாகும். வெளியார் முதலில் அவர்களைப் 'பொத்துரு' என்றே அழைத்தார்கள். பெண்கள் ராஜ கழுகின் வெள்ளை இறகுத் தூவியால் செய்த தலைப்பட்டை அணிகிறார்கள். கசப்பு மரவள்ளி பயிரிடுவது, பிரேசில் கொட்டை பொறுக்குவது, மீன் பிடிப்பது, வேட்டையாடுவது இவைதான் பிழைப்பு. சிலந்திக் குரங்கு கொழுத்திருக்கும் பருவத்தில் வேட்டை மும்முரமாக இருக்கும்.

இந்த ஆய்வுக்கு முக்கியமான விஷயம் அவர்கள் குடியிருக்கும் முறை. ஒரே ஊரில் ஆண்டு முழுவதும் கூடியிருப்பதில்லை. ஒரு குடும்பத்துக்கு இரண்டு மூன்று தோட்டங்களும் குடில்களும் இருக்கும். பருவத்துக்குத் தகுந்தபடி இடம் மாறுவார்கள், சேர்வார்கள், பிரிவார்கள். நாடோடி என்றும் சொல்ல முடியாது, ஊர்க்காரர் என்றும் சொல்ல முடியாது. பின்னால் வரும் ஏறக்குறைய எல்லாமே இந்த ஏற்பாடு குலைந்ததிலிருந்து தொடங்குகிறது.

இப்படி ஒரு மக்கள் அங்கே இருப்பது 1970களிலேயே அரசுக்குத் தெரியும். கனிம வள ஆய்வுக்கு ஹெலிகாப்டரில் போனவர்கள் ஊரைப் பார்த்திருந்தார்கள். ஆனால் பழங்குடியினருக்கான அரசு நிறுவனமான ஃபூனாய் அந்தப் பக்கம் தன் ஆட்களை நிறுத்தவில்லை. அந்த வெற்றிடத்தில்தான் நியூ டிரைப்ஸ் மிஷன் என்ற கிறிஸ்தவ ஊழிய அமைப்பு நுழைந்தது.

இந்த மிஷன் 1942இல் அமெரிக்காவில் தொடங்கியது. நற்செய்தி இதுவரை போகாத இனங்களைத் தேடிப் போவதே அதன் குறிக்கோள். தொடங்கிய அடுத்த ஆண்டே, 1943இல், பொலிவியாவில் அதன் ஊழியர்கள் ஐந்து பேர் கொல்லப்பட்டார்கள். அந்த இழப்பு அவர்களைத் தடுக்கவில்லை, இன்னும் உறுதியாக்கியது. பைபிளின் கடைசி நூலான வெளிப்படுத்தின விசேஷத்தில் "சகல ஜாதிகளிலும் கோத்திரங்களிலும்" என்று வரும் வசனத்தை நம்பி வாழ்க்கையைக் கொடுத்தவர்கள் அவர்கள். இதை இங்கே சொல்லக் காரணம், கெட்ட எண்ணத்தில் தொடங்கிய முயற்சி என்று இதை ஒதுக்கிவிட்டால் இதிலிருந்து படிக்க எதுவும் மிஞ்சாது.

தொடர்புக்கு முன்

1982இல் மிஷன் அந்தக் காட்டின் மேல் விமானத்தில் பறந்து குடியிருப்புகளைக் கண்டறிந்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் பரிசுப் பொருள்களை விட்டுவிட்டு வருவது, காட்டுக்குள் நடந்து போவது என்று மெல்ல மெல்ல நெருங்கினார்கள். ஜோயே நிலத்தின் ஓரத்தில் வீடுகள் கட்டி, விமான ஓடுதளம் வெட்டி, பணித்தளம் ஒன்றை அமைத்தார்கள். அதற்கு எஸ்பெரான்சா என்று பெயர். நம்பிக்கை என்று பொருள்.

பணித்தளம் என்ற முடிவுக்குப் பின்னால் இருந்த கணக்கு எளிதில் புரியும். மொழி படிக்க ஆண்டுக்கணக்கில் ஓரிடத்தில் தங்க வேண்டும். குடும்பத்தோடு வரும் மிஷனரிக்கு வீடு வேண்டும். மருந்தும் அரிசியும் வர ஓடுதளம் வேண்டும். உலகம் முழுக்க மிஷன்கள் செய்வது இதைத்தான்.

அதே காலத்தில் பிரேசில் அரசு கசப்பான அனுபவத்திலிருந்து வேறொரு முடிவுக்கு வந்துகொண்டிருந்தது. 1973இல் அரசுக் குழுவே போய்த் தொடர்பு கொண்ட பனாரா மக்கள், நெடுஞ்சாலை வேலையோடு வந்த நோய்களில் விழுந்தார்கள். இரண்டே ஆண்டில், 1975இல், அவர்களை ஷிங்கு பழங்குடிப் பகுதிக்கு மாற்றியபோது உயிரோடு இருந்தவர்கள் 79 பேர். வடக்கே யனோமாமி மக்களுக்கும் சாலைத் திட்டத்தால் அதே கதி. இத்தனையும் பார்த்த ஃபூனாயின் களப்பணியாளர்கள் 1987இல் கூடி, தனித்து வாழும் மக்களிடம் நாமாகப் போய்த் தொடர்பு கொள்ளக் கூடாது, உயிருக்கு ஆபத்து என்ற நிலை வந்தால் மட்டுமே தலையிட வேண்டும் என்று கொள்கையை மாற்றினார்கள்.

அதாவது, தொடர்பு என்றால் நோய் என்பது அன்றைக்கே ஊரறிந்த விஷயம். தெரியாமல் நடந்துவிட்டது என்று இந்த நிகழ்வில் யாரும் சொல்ல முடியாது. மிஷனுக்கும் தெரியும், அரசுக்கும் தெரியும்.

நவம்பர் 1987

1987 நவம்பர் தொடக்கத்தில் ஜோயே மக்கள் தளத்துக்கு வந்தார்கள். ஒருவர் இருவராக அல்ல, பெருங்கூட்டமாக. இரு தரப்பும் அதைச் சமாதானமான சந்திப்பாகவே எடுத்துக்கொண்டன. நிலையான தொடர்பு அன்றுதான் தொடங்கியது.

ஜோயே மக்கள் ஏன் வந்தார்கள் என்ற கேள்வியைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். கத்தி, கோடாரி, பாத்திரம் இவற்றின் மேல் அவர்களுக்கு ஆசை இருந்தது. இரும்புக் கோடாரியால் தோட்டம் வெட்டுவதும் கல்லால் வெட்டுவதும் ஒன்றா? வெளியாரைப் பற்றிய ஆர்வமும் இருந்தது. ஆக, இழுத்து வரப்பட்ட மக்கள் என்று எழுதினால் அது பாதி உண்மைதான். அவர்கள் தாமாக நடந்து வந்தார்கள். ஆனால் எங்கே நடந்து வர வேண்டும் என்பதை, பொருள்களை எங்கே வைப்பது என்று முடிவு செய்தவர்கள் முன்பே தீர்மானித்திருந்தார்கள்.

வந்தவர்கள் தங்கினார்கள். தளத்தைச் சுற்றிக் குடில்கள் எழுந்தன. தூரத் தோட்டங்களுக்குப் போவது குறைந்தது. பிரிந்தும் சேர்ந்தும் வாழ்ந்த மக்கள் ஓடுதளத்தின் ஓரத்தில் நெருங்கி வாழத் தொடங்கினார்கள். ஊழியத்தின் பார்வையில் இது நல்ல அறிகுறி. காய்ச்சலுக்கும் இதைவிட வசதியான நிலைமை கிடைக்காது.

என்ன காணப்பட்டது

நற்செய்தியை விளக்கும் அளவுக்கு மொழி கைவருவதற்கு முன்பே சளிக்காய்ச்சல் வந்துவிட்டது. மலேரியாவும் சேர்ந்துகொண்டது. 1987க்கும் 1991க்கும் இடையில் சுமார் 45 பேர் இறந்தார்கள். 1991இல் எண்ணியபோது இருந்தவர்கள் 133 பேர். ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு போய்விட்டது என்று கொள்ளலாம்.

நமக்கு மூன்று நாள் மூக்கொழுகலாகப் போகிற ஃப்ளூ, அதை முன்பின் பார்த்திராத உடம்பில் நிமோனியாவாக முற்றிவிடும். அதைவிட மோசம், எல்லாரும் ஒரே நேரத்தில் படுப்பது. கசப்பு மரவள்ளியை அப்படியே தின்ன முடியாது, நஞ்சு. தோண்டி, தோல் சீவி, துருவி, சாற்றைப் பிழிந்து, பிறகு தீயில் வாட்டித்தான் உணவாக்க வேண்டும். ஒரு ஆள் நாள் முழுக்கச் செய்யும் வேலை அது. வீட்டில் எல்லாருமே காய்ச்சலில் தொங்குபடுக்கையில் கிடந்தால் அதை யார் செய்வது? வேட்டைக்கு யார் போவது? ஆற்றிலிருந்து தண்ணீர் எடுத்து வரவும் ஆள் இல்லை. கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கத் தாயால் எழுந்து உட்கார முடியாது. இப்படிப்பட்ட கொள்ளைநோய்களில் காய்ச்சலோடு பசியும் தாகமும் சேர்ந்துதான் கொல்கின்றன. மாத்திரை மட்டும் வைத்திருக்கும் மருந்தகத்தால் இதைச் சமாளிக்க முடியாது. சமைத்துப் போடவும் தண்ணீர் கொடுக்கவும் நோயில்லாத ஆட்கள் ஏராளமாக வேண்டும்.

தளத்தில் இருந்தவர்கள் மருந்து கொடுத்தார்கள், பார்த்துக்கொண்டார்கள். போதவில்லை. 1989இல் நிலைமை கைமீறியதும் மிஷனே ஃபூனாய்க்குத் தகவல் சொன்னது. மறைக்காமல் சொன்னார்கள் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டு ஆண்டு கழித்துத்தான் சொன்னார்கள் என்பதையும்.

அரசு எடுத்த முடிவு

ஃபூனாய் மருத்துவக் குழுவோடு வந்தது. தன் நிலையத்தை அமைத்துக்கொண்டது. கொஞ்ச காலம் மிஷனும் அரசும் ஒரே காட்டில் இருந்தன. உறவு சுமுகமாக இல்லை. தளத்தைச் சுற்றி மக்கள் குவிந்ததுதான் நோய்க்குக் காரணம், தளம் இருக்கும் வரை குவிவார்கள் என்பது ஃபூனாயின் கணிப்பு. 1991இல் மிஷனை வெளியேறச் சொன்னார்கள். மிஷனரிகள் போனார்கள்.

இந்த முடிவின் மேல் அன்றும் இன்றும் விமரிசனம் உண்டு. மிஷன் வட்டாரங்களில் சொல்லப்படும் வாதம் இது: கொட்டை பொறுக்குபவர்களும் வேட்டைக்காரர்களும் எப்படியும் உள்ளே வந்திருப்பார்கள், மருந்து கையில் வைத்திருந்த ஒரே ஆட்கள் நாங்கள்தான், எங்களைத் துரத்திவிட்டீர்கள். முதல் பாதியில் நியாயம் இருக்கிறது. அந்தப் பக்கம் வெளியார் நடமாட்டம் இருந்தது உண்மை. ஆனால் வழி தவறி வரும் ஒரு கொட்டை வியாபாரி ஓடுதளம் வெட்டி, ஒரு மக்கள் முழுவதையும் தன் வாசலில் குடியேற்ற மாட்டான். நோய் எப்படியும் வந்திருக்கும் என்றே வைத்துக்கொள்வோம். இத்தனை பேர் நெருங்கிக் கிடக்கும்போது வந்திருக்க வேண்டியதில்லை.

1988இல் வந்த அரசியல் சட்டத்தின் 231ஆவது பிரிவு, பழங்குடியினரின் வாழ்க்கை முறை, மொழி, நம்பிக்கை இவற்றையும் அவர்கள் வழிவழியாக வாழும் நிலத்தின் மேலுள்ள உரிமையையும் ஏற்றுக்கொண்டது. வெளியேற்றத்தை இந்தப் புதிய சூழலில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

பிறகு நடந்தவை

அடுத்த இருபது ஆண்டுகளில் இரண்டு வேலைகள் நடந்தன. ஒன்று நிலம். சுமார் 6,68,500 ஹெக்டேர் ஜோயே நிலமாக அளந்து ஒதுக்கப்பட்டு, 2009இல் குடியரசுத் தலைவரின் ஆணையோடு உறுதியானது.

மற்றது மருத்துவம். நோயாளியை சாண்டரேம் நகரத்துக்குக் கொண்டுபோகாமல் கூடிய வரை காட்டிலேயே வைத்தியம் பார்ப்பது என்று முடிவு செய்தார்கள். நகர மருத்துவமனையில் ஒரு வாரம் படுத்துவிட்டுத் திரும்புகிறவர் என்ன நோயைச் சுமந்து வருவார் என்று சொல்ல முடியாது. அதனால் சிறு அறுவைச் சிகிச்சைகளைக்கூட நிலையத்திலேயே செய்யும் அளவுக்கு வசதி செய்தார்கள். உள்ளே வரும் வெளியாருக்கும் கட்டுப்பாடு வைத்தார்கள். தடுப்பூசி போட்டார்கள். ஜோயே குடும்பங்கள் திரும்பவும் தங்கள் பழைய தோட்டங்களுக்கும் குடில்களுக்கும் பரவிப் போனார்கள். இறப்பு குறைந்தது, பிறப்பு கூடியது. 2020 வாக்கில் அவர்களின் தொகை முந்நூறைத் தாண்டியிருந்தது.

சரி, அரசு வந்ததும் எல்லாம் சுபமா என்றால், இல்லை. காப்பது என்ற பெயரில் ஃபூனாய் ஒரு கட்டத்தில் கதவை ரொம்பவே இறுக்கி வைத்தது. ஜோயே மக்கள் டார்ச் விளக்கு கேட்டார்கள், பேட்டரி கேட்டார்கள், உடை கேட்டார்கள். கிடைக்காதபோது வேறு பக்கம் தேடினார்கள். 2010ஐ ஒட்டி ஒரு பெரிய குழு தெற்கே நிலத்தின் எல்லையைத் தாண்டிக் கொட்டை பொறுக்கும் பகுதிக்கு நடந்து போய்த் தங்கியது. அங்கே அவர்களைக் கொட்டை வேலையில் அடிமைபோல் பயன்படுத்தினார்கள் என்று கொட்டை வணிகர் ஒருவர் மேலும் மிஷனரி ஒருவர் மேலும் மத்திய அரசு வழக்கறிஞர்கள் பின்னர் குற்றம் சாட்டினார்கள். அதே காலத்தில், 2011இல், ஜோயே பிரதிநிதிகள் தலைநகர் பிரசீலியாவுக்கே போய்த் தங்கள் கோரிக்கைகளைச் சொன்னார்கள்.

என் பார்வையில் இந்த நிகழ்வின் முக்கியமான திருப்பம் இங்கேதான் இருக்கிறது. மிஷன் பொருளைக் காட்டிக் கூப்பிட்டது. அரசு பொருளைக் கொடுக்காமல் நிறுத்திப் பார்த்தது. இரண்டு பேருமே ஜோயே மக்களுக்கு எது நல்லது என்று தாங்களே முடிவு செய்தார்கள். 2011க்குப் பிறகு அணுகுமுறை மெல்ல மாறியது. கைவினைப் பொருளையும் கொட்டையையும் விற்றுத் தமக்கு வேண்டியதை ஜோயே மக்களே வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு வந்தது. நிலத்தை எப்படிப் பயன்படுத்துவது, யாரை உள்ளே விடுவது என்பதெல்லாம் அவர்களோடு உட்கார்ந்து பேசித் திட்டமாக எழுதப்பட்டது. அவர்களோடு உறவுள்ள மொழி பேசும் வயாம்பி மக்கள் 1990களிலேயே வந்து பார்த்துவிட்டுப் போனதும் ஒரு நல்ல பலனைத் தந்தது. வெளியாரோடு நீண்ட காலம் பழகிய ஒரு பழங்குடியின் வாயிலிருந்தே வெளியுலகம் எப்படிப்பட்டது என்று ஜோயே மக்கள் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். இது எந்த மிஷனரியாலும் எந்த அதிகாரியாலும் செய்ய முடியாத வேலை.

பெருந்தொற்றுக் காலம்

2020இல் கோவிட் வந்தபோது இந்த ஏற்பாடு எவ்வளவு தாங்கும் என்று தெரிந்தது. ஜோயே மக்கள் சிறு சிறு குடும்பக் குழுக்களாகப் பிரிந்து காட்டுக்குள் போனார்கள். ஒரு குழு நடக்கும் தடத்தில் இன்னொரு குழு நடப்பதில்லை. மருத்துவ நிலையத்துக்கு அவசியம் இருந்தால் மட்டும், அதுவும் தனித்தனியாக வந்தார்கள். யாரும் கற்றுக்கொடுத்த முறை இல்லை இது. காலம் காலமாக அவர்கள் வாழ்ந்த முறையையே கொஞ்சம் இறுக்கிக்கொண்டார்கள்.

2021 தொடக்கத்தில் தடுப்பூசி வந்தபோதும் மருத்துவக் குழு அதே ஒழுங்கைப் பின்பற்றியது. எல்லாரையும் ஓரிடத்தில் வரிசையில் நிறுத்தாமல், காட்டில் குடில் போட்டு, குடும்பம் குடும்பமாக வரவழைத்துப் போட்டார்கள். பார்வை மங்கி நடக்க முடியாமல் இருந்த தன் தகப்பனை ஓர் இளைஞர் மணிக்கணக்கில் முதுகில் சுமந்து வந்து ஊசி போட்டுக்கொண்டு, திரும்பவும் சுமந்து போனார். மருத்துவர் எடுத்த அந்தப் படம் 2022 ஜனவரியில் உலகம் முழுக்கச் சுற்றியது. அதுவரை ஜோயே மக்களில் ஒருவர்கூடக் கோவிடால் இறக்கவில்லை.

அந்த இளைஞரின் பாசத்தைப் பலர் மெச்சினார்கள். மெச்ச வேண்டியதுதான். எனக்குக் கண்ணில் பட்டது வேறு: 1987இல் வெளியார் இருந்த இடத்துக்கு எல்லாரும் கூட்டமாகப் போனார்கள், 2021இல் ஊசி இருந்த இடத்துக்குக் குடும்பம் குடும்பமாக வந்தார்கள்.

இதே பெருந்தொற்றுக் காலத்தில் எதிர்த்திசையிலும் ஒரு முயற்சி நடந்தது. நியூ டிரைப்ஸ் மிஷனில் முன்பு வேலை பார்த்த ஒருவர், 2020 பிப்ரவரியில் ஃபூனாயின் தனித்து வாழும் மக்களுக்கான பிரிவுக்கே தலைவராக நியமிக்கப்பட்டார். பழங்குடி அமைப்புகள் எதிர்த்தன. வழக்கு நடந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் அவர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். 2021இல் உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவர், தனித்து வாழும் மக்களின் நிலத்துக்குள் பெருந்தொற்றுக் காலத்தில் மிஷன்கள் நுழையக் கூடாது என்று உத்தரவிட்டார். மிஷனும் 2017இல் பெயரை மாற்றிக்கொண்டது. இப்போது அதன் பெயர் எத்னோஸ்360.

எதை மாற்றிச் செய்திருக்க வேண்டும்

முதல் முடிவே தவறு, போயிருக்கவே கூடாது என்பது இன்றைய பிரேசில் கொள்கை. நானும் அதை ஏற்கிறேன். ஆனால் போவது என்று தீர்மானித்துவிட்டவர்களிடம் இதை மட்டும் சொன்னால் காதில் விழாது. ஆகவே ஒரு படி கீழே இறங்கிப் பார்க்கலாம்.

ஜோயே மக்கள் இறந்தது பிரசங்கத்தால் அல்ல. ஓடுதளம், பரிசுப் பொருள், நிலையான வீடு, எல்லாரும் கூடும் மருந்தகம் என்று ஊழியத்துக்கு வசதியாக அமைத்த ஏற்பாடு ஒவ்வொன்றும் மக்களை ஒரே இடத்துக்கு இழுத்தது. பைபிளுக்குப் பதில் பள்ளிக்கூடத்தையோ ஆராய்ச்சிக் கருவியையோ கொண்டுபோயிருந்தாலும் இதே தளம் இதே வேலையைத்தான் செய்திருக்கும். 1973இல் பனாரா மக்களிடம் போன அரசுக் குழு மதம் பரப்பப் போகவில்லை. அங்கும் மக்கள் செத்தார்கள். எனவே நோக்கத்தைப் பற்றிய சண்டையைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, எந்த அமைப்பானாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: நம்முடைய இருப்பு இவர்களை எங்கே கூட்டும்? கூடினால், ஒரே நாளில் அத்தனை பேரும் படுத்தால், சமைக்கவும் தண்ணீர் கொடுக்கவும் நம்மிடம் எத்தனை ஆட்கள்? இந்தக் கணக்குக்கு விடை இல்லாத இடத்தில் ஓடுதளம் வெட்டக் கூடாது.

அடுத்தது தகவல். முதல் காய்ச்சல் கண்ட வாரமே அரசுக்கும் வெளி மருத்துவர்களுக்கும் சொல்லியிருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்று கணக்கிட முடியாது. ஆனால் சொன்னால் தளத்தை மூடிவிடுவார்கள் என்ற பயம் எந்த அமைப்புக்கும் இருக்கும். அந்தப் பயம் இருக்கும் அமைப்பின் கையிலேயே நோயைக் கண்காணிக்கும் பொறுப்பையும் விட்டுவைக்கக் கூடாது. அரசும் இதில் தப்ப முடியாது. மக்கள் இருப்பது தெரிந்தும் பத்து ஆண்டுக்கு மேல் ஆளை அனுப்பாமல், யாரோ வந்து செய்யட்டும் என்று விட்டது யார்?

மூன்றாவது, ஃபூனாய்க்கும் பொருந்துவது. கோடாரி மேலும் டார்ச் விளக்கு மேலும் உள்ள ஆசை நியாயமான ஆசை. கொடுத்து இழுப்பதும் மறுத்து அடைப்பதும் கடைசியில் ஒரே இடத்தில்தான் கொண்டுபோய் விட்டன: மக்கள் நடந்து போய் யாரோ ஒருவர் வாசலில் நின்றார்கள். 2011க்குப் பிறகு வந்த ஏற்பாடு, அவர்களே விற்று அவர்களே வாங்குவது, 1991இலேயே தொடங்கியிருக்க முடியும். கொட்டையும் அன்றே இருந்தது, கைவினையும் இருந்தது. கேட்டுப் பார்க்கத்தான் ஆள் இல்லை.